பறிமுதலுக்கு உட்படாத படைக்கலம்: திண்டுக்கல் பாளையங்களும் சிலம்பமும்

திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஆயக்குடியும் ஒன்று. அதற்கு அருகிலுள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தது. வேலும் துப்பாக்கியும் பறிக்கத்தக்கன. மூங்கிற்கழியோ உழவரும் ஆயரும் நாளும் கையாள்வது. அதனைப் படைக்கலமெனப் பிரித்தறிதல் அரிது.

மேலும், சிலம்பத்தின் அடிப்படை கழியன்று, காலடி. காலடி பயின்ற பின்னரே கம்பு கைக்கு வரும் என்பது ஆசான்களின் மரபு. வீச்சும் தடுப்பும் அடிவைப்பைத் தொடர்வன. உடலில் பதிந்த இவ்வறிவு பறிமுதலுக்கு உட்படாதது. எனவே சிலம்பத்தின் தொடர்ச்சியைப் பழம்பாடல்களில் மட்டும் தேடாது, ஆசான்கள் கற்பிக்கும் காலடி வரிசைகளையும் வரலாற்றுச் சான்றுகளாக ஊர்தோறும் ஆவணப்படுத்துதல் வேண்டும்.