நாச்சியார் வழக்கும் இயல்பு என்னும் சொல்லும்

சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் ஐயனார் திருக்கோயில் சிவகங்கைச் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சார்ந்தது. வைகாசித் தேரோட்டத்தில் அங்கு நேர்த்திக்கடனாகச் சிதறும் தேங்காய்கள் ஆயிரக்கணக்கானவை. அத்தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பை அண்மைக் காலத்தில் அரச மரபைச் சேர்ந்த நாச்சியார் ஒருவரே வகித்து வந்துள்ளார். ஊரார் இதனைப் புதுமையாகக் கருதுவதில்லை. ஆனால் இச்சீமையின் உடைமை ஒரு பெண்ணின் கைக்கு வருவதற்கு முன் நெடிய வழக்கொன்று நடந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இயற்கை வகுத்த வேறுபாடு யாது, மனிதர் வகுத்தது யாது என்று ஆராய்வோர்க்கு அவ்வழக்கு நல்லதொரு சான்று.

இவ்வேறுபாட்டைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து நோக்கியுள்ளனர். தொல்காப்பியத்து மரபியல் களிறு, சேவல், கடுவன் என ஆண்பாற் பெயர்களையும், பிடி, பேடை, மந்தி எனப் பெண்பாற் பெயர்களையும் தொகுத்துரைக்கிறது. அங்கே உயர்வு தாழ்வு என்ற பேச்சே இல்லை. கண்ட இயற்கைக்குப் பெயரிட்டதோடு அது நிற்கிறது. களவியலோ ஆடவர்க்குப் பெருமையும் உரனும், மகளிர்க்கு அச்சமும் நாணும் மடனும் உரியன என வகுக்கிறது. அகப்பொருள் மாந்தர்க்கென வகுத்த அவ்விலக்கணத்தைப் பிற்காலத்தார் பெண்பிறப்பு அனைத்துக்கும் உரிய இயல்பாகவே கொண்டனர். உடற்கூறு பற்றிய உண்மை ஒன்று. ஒழுக்கம் பற்றிய விதி மற்றொன்று. இரண்டுக்கும் ‘இயல்பு’ என்ற ஒரே சொல் வழங்கியதால் நேர்ந்த குழப்பம் சிறிதன்று.

கருவைச் சுமப்பதும் பாலூட்டுவதும் பெண்ணுடல். சராசரி உயரத்திலும் தசை வலிமையிலும் மிகுந்தது ஆணுடல். ஆயினும் பெரும்பாலான நாடுகளில் சராசரி ஆயுள் மிகுந்தவர் மகளிரே. இவையெல்லாம் மறுக்கவொண்ணா உண்மைகள். எனினும் ஒரு சீமையை ஆளவோ, தந்தையின் நிலத்தை எய்தவோ எவருக்குத் தகுதி உண்டு என்ற வினாவுக்கு இவற்றுள் எதுவும் விடையாகாது. அந்த விடையைத் தந்தவை மிருதிகள். பெண் தந்தையையும் கணவனையும் மகனையும் சார்ந்தே வாழ வேண்டியவள் என்று மனுநூல் விதித்தது. அவ்விதி காலப்போக்கில் பெண்ணின் இயற்கையாகவே போற்றப்பட்டது.

சிவகங்கைச் சீமையோ அவ்விதிக்கு அடங்காத வரலாறு உடையது. 1772 ஜூன் 25ஆம் நாள் காளையார்கோயிற் போரில் மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அவருடைய மனைவி வேலுநாச்சியார் விருப்பாட்சிக்குச் சென்று, ஐதர் அலியின் துணை பெற்று, மருது சகோதரர்களோடு 1780இல் சீமையை மீட்டார். இதனைப் பாராட்டப் புகுந்த பேச்சாளர் பலரும் ‘ஆண்மை மிக்க அரசி’ என்றே அவரைப் போற்றினர். புகழ்ச்சிதான், ஆயினும் வீரம் ஆணுக்கே உரியது, இவர் ஒருவரே விலக்கு என்ற எண்ணம் அதனுள் மறைந்திருக்கிறது. எட்டாண்டுக் காலம் அயலிடத்தில் காத்திருந்து, படை திரட்டி, உற்ற காலம் அறிந்து மீண்டவருக்கு அந்த அடைமொழி எதற்கு?

1801இல் கம்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கை ஜமீன்தாராக ஏற்றனர். அதே ஆண்டில் மருது சகோதரர்கள் சிங்கம்புணரிக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1829இல் கௌரி வல்லபர் காலமானார். அவருக்கு ஆண் மகவு இல்லை. மனைவியரும் மகளிரும் இருந்தனர். ஜமீனோ உடன்பிறந்தார் மகனின் கைக்குப் போயிற்று. பிரிவினையாகாத குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எஞ்சிய ஆடவர்க்கே சொத்து சேரும் என்பது மிதாட்சர நெறி. கைம்பெண் அங்கமுத்து நாச்சியார் இதனை எதிர்த்து வழக்காடினார். அவருக்குப்பின் கௌரி வல்லபரின் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம், சென்னைச் சதர் அதாலத்து எனப் படியேறிய வழக்கு, இறுதியில் இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது.

1863இல் தீர்ப்பு வெளிவந்தது. குடும்பம் பிரியாதிருந்தாலும் ஜமீன், கௌரி வல்லபர் தாமே பெற்ற தனியுடைமை. ஆதலால் அது மனைவிக்கும், அவருக்குப்பின் மகளுக்கும் உரியது என நீதிபதிகள் முடிவு செய்தனர். காத்தம நாச்சியார் ஜமீனை எய்தினார். இங்கே ஒன்றைக் கூர்ந்து காண வேண்டும். பெண்ணால் இயலுமா என்ற கேள்வி அத்தீர்ப்பின் அடிப்படையன்று. சொத்து எத்தகையது என்பதே அடிப்படை. ஆணின் உரிமைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ‘இயற்கை’ சொத்தின் தன்மை மாறியதும் பேச்சற்றுப் போயிற்று!

எனினும் பழைய எண்ணம் முற்றும் அகலவில்லை. கைம்பெண்ணுக்கும் மகளுக்கும் கிடைத்தது வரையறைக்குட்பட்ட உரிமையே. விரும்பியவாறு விற்கவும் வழங்கவும் முடியாது. அவர்தம் காலத்துக்குப் பின் சொத்து அவர்களுடைய வாரிசைத் தேடாது, முந்தைய ஆண் உடைமையாளரின் வாரிசையே தேடும். ஆயின் அதே தீர்ப்பு, சொத்துப் பற்றிய வழக்கில் கைம்பெண்ணே அவ்வுடைமை முழுவதன் சார்பாளர் என்றும், முறையாக அவர் நடத்திய வழக்கின் முடிவு பின்வருவோரையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறிற்று. வழக்காடுகையில் முழு மனிதர். அனுபவிக்கையில் அரை மனிதர். உடற்கூற்றின் எந்த நூலும் விளக்க முடியாத வேறுபாடு இது.

அவ்வரையறை அகல 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தியது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. 1989க்கு முன்பே மணமான மகளிர்க்கு மாநிலச் சட்டம் அப்பங்கை அளிக்கவில்லை. திருமணத்தினால் பெண்ணுடலில் எந்த இயற்கை மாறுதல் நிகழ்ந்து அந்த உரிமை கரைந்தது என்று எவரும் அன்று விளக்கினாரல்லர்.

2022 ஜனவரி 20ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 1949இல் உயிலின்றி இறந்த தந்தையின் தனிச்சொத்து மகளுக்கா, உடன்பிறந்தார் மக்களுக்கா என்பது கேள்வி. மகளுக்கே என்றனர் நீதிபதிகள். அம்முடிவுக்கு அவர்கள் எடுத்துக்காட்டிய பழைய தீர்ப்புகளுள் ஒன்று, சிவகங்கை காத்தம நாச்சியார் தொடுத்த வழக்கின் தீர்ப்பு.