அடக்கப்படாத ஜனாஸாக்கள்: 1970 புயலும் கிழக்கு வங்கத்தின் சினமும்

1970 நவம்பர் 12. ஹிஜ்ரி 1390-ஆம் ஆண்டின் ரமலான் மாதம் பாதியை நெருங்கியிருந்தது, மறுநாள் முழுநிலவு. வங்கக் கடலின் வடகோடியில், மேக்னா நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் சிதறிக்கிடக்கும் தீவுகளில் நோன்பு திறந்து, இரவுத் தொழுகையை முடித்து மக்கள் உறங்கச் சென்றனர். மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றோடு நள்ளிரவை ஒட்டிக் கடல் அவர்கள் மீது ஏறிவந்தது. முழுநிலவுக் காலத்தின் பேரோதமும் புயல் உந்திவந்த நீரும் ஒன்றுசேர்ந்தமையால் சில இடங்களில் நீர்மட்டம் 10 மீட்டர் வரை உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. விடிந்தபோது போலா, ஹாத்தியா, மன்புரா ஆகிய தீவுகளில் ஊர்கள் இருந்த இடங்களில் சேறும் சடலங்களுமே எஞ்சியிருந்தன.

அந்த நிலத்தின் இயல்பை அறிந்தால்தான் அழிவின் அளவு விளங்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சுமந்துவரும் வண்டல், முகத்துவாரத்தில் படிந்து மேடாகும். சில ஆண்டுகளில் புல் முளைக்கும். பிறகு மனிதர் குடியேறுவர். வங்க மொழியில் ‘சர்’ எனப்படும் இவ்வாற்றிடைக்குறைகளில் வேறெங்கும் நிலமில்லாத ஏழைகளே குடியேறினர். கடல்மட்டத்துக்கு ஒரு சில அடிகளே உயர்ந்த இத்திட்டுகளில் குன்று இல்லை. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு எழுப்பிய குடிசைகளன்றி வலுவான கட்டடங்களும் அரிது. நவம்பர் என்பது ஆமன் நெல் முற்றும் பருவம். அறுவடைக் கூலிக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருந்தோர் எத்தனை பேர் மாண்டனர் என்பதை எந்தக் கணக்கும் முழுமையாகக் காட்டவில்லை.

மாண்டோர் தொகை 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. டாக்காவில் இயங்கிய காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆல்ஃபிரெட் சோமரும் வைலி மோஸ்லியும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் வீடுவீடாகக் கணக்கெடுத்து, குறைந்தது 2,24,000 பேர் இறந்தனர் என 1972-இல் வெளியிட்டனர். தஜுமுத்தீன் வட்டாரத்தில் மட்டும் மக்கள்தொகையில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் மாண்டனர். பிழைத்தோரின் உடலில் அவ்விரு மருத்துவர்களும் ஒரே வகைக் காயத்தைக் கண்டனர்: மார்பிலும், கைகளின் உட்புறத்திலும், தொடைகளிலும் தோல் உரிந்திருந்தது. இரவு முழுவதும் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதன் தழும்பு அது. அப்படிப் பற்றிக்கொள்ள வலுவற்ற குழந்தைகளும் முதியோரும் பெண்களுமே அதிகம் மடிந்தனர்.

புயல் வருவது தெரியாமலில்லை. செயற்கைக்கோள் அதைக் கண்டிருந்தது, வானொலியும் எச்சரித்தது. ஆனால் வரப்போவது காற்று மட்டுமன்று, கடலே என்பதை உணர்த்தும் முறையில் அச்செய்தி சொல்லப்படவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்னர், அக்டோபரில் வந்த புயலுக்குக் கடும் எச்சரிக்கை தரப்பட்டு, அஞ்சிய அளவு சேதம் நேராததால், இம்முறை பலர் அதைப் பொருட்படுத்தவுமில்லை. பொருட்படுத்தியிருந்தாலும் எங்கே ஓடியிருப்பார்கள்? இப்பிழையில் மாகாண அலுவலர்களுக்கும் பங்குண்டு. முழுப் பழியையும் இஸ்லாமாபாத்தின் தலையில் ஏற்றுவது வரலாற்று நேர்மையாகாது. மக்களின் சினமும் முதன்மையாகப் புயலுக்கு முந்தைய இரவைப் பற்றியதன்று. அதற்குப் பிந்தைய பத்து நாட்களைப் பற்றியது.

இராணுவ ஆட்சியாளர் ஜெனரல் யஹ்யா கான் அப்போது பீக்கிங்கில் அரசுமுறைப் பயணத்தில் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்ஸனின் இரகசியத் தூதைச் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் சேர்ப்பித்தது இந்தப் பயணத்தில்தான் என்பது பின்னாளில் ஆவணங்கள் வெளிவந்தபோது தெரிந்தது. உலக அரசியலின் போக்கையே மாற்றவிருந்த தூது அது. ஆயினும் கரையில் ஒதுங்கிய சடலங்களுக்கு அது என்ன பயன்! திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கிய அவர், விமானத்திலிருந்து அழிவைப் பார்வையிட்டு, ஓரிரு நாட்களில் மேற்குப் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். அதிபர் தரையில் கால் பதிக்கவில்லை என்ற பேச்சு வங்கமெங்கும் பரவியது. மாத இறுதியில் மீண்டும் வந்தபோது, நிவாரணப் பணியில் தவறுகள் நேர்ந்தன என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

முதல் பத்து நாட்களில் அரசு ஈடுபடுத்தியவை ஓர் இராணுவப் போக்குவரத்து விமானமும், பயிருக்கு மருந்து தெளிக்கும் மூன்று சிறு விமானங்களுமே என அன்றைய செய்தியாளர்கள் எழுதினர். மேற்கிலுள்ள ஹெலிகாப்டர்களைக் கொண்டுவர இந்தியா தன் வான்வழியைத் தரவில்லை என்று பாகிஸ்தான் அரசு கூறியது. இந்தியா அதை மறுத்தது. இந்தியா அளிக்க முன்வந்த போக்குவரத்து விமானங்களைப் பாகிஸ்தான் ஏற்காததால் அந்நாட்டின் உதவிப் பொருட்கள் தரைவழியே மெல்ல வந்துசேர்ந்தன. அமெரிக்க ஹெலிகாப்டர்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து இன்ட்ரெபிட், டிரையம்ஃப் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. பட்டுவாகாலிக் கரையில் கிடந்த உடல்களை அக்கப்பல்களில் வந்த பிரிட்டிஷ் கடற்படை வீரர்களே புதைத்தனர்.

இந்தச் செய்தி வங்காளிகளின் நெஞ்சில் தைத்ததன் ஆழத்தை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. மரித்த முஸ்லிமைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்குவது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவர் மீதுள்ள கடமையும் நீங்கும். எவரும் செய்யாவிடில் அறிந்தும் இயன்றும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த இரு நிலப்பகுதிகளை ஒரே நாடாக்குவதற்குச் சொல்லப்பட்ட காரணம் மொழியன்று, நிலத்தொடர்பன்று. இரு பகுதியினரும் ஒரே உம்மத் என்பதுதான். அந்த உம்மத்தின் பெயரால் ஆண்டவர்களிடம் பெரும் படை இருந்தது. ரமலான் மாதத்தில் பல்லாயிரம் ஜனாஸாக்கள் வெயிலில் கிடந்தபோது, 23 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டை ஆண்ட அந்நியரின் படையாட்கள் குழிதோண்டினர். கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. பங்கீட்டில் அநீதி என்பது பொருளாதார வாதம். அதற்குப் புள்ளிவிவரம் வேண்டும். அடக்கப்படாத ஜனாஸாவைப் புரிந்துகொள்ள எழுத்தறிவுகூட வேண்டியதில்லை.

பொருளாதார வாதத்துக்கும் அடிப்படை இல்லாமலில்லை. 1960 அக்டோபரில் இதே கரையைப் புயல் தாக்கியபோதே பல்லாயிரவர் மாண்டனர். அதன்பின் அமெரிக்கச் சூறாவளி மையத்தின் இயக்குநர் கார்டன் டன் அழைக்கப்பட்டு, 1961-இல் பரிந்துரைகளை அளித்தார். அவற்றுள் நிறைவேறாதவை பல. 1961, 1963, 1965 ஆண்டுகளிலும் புயல்கள் வந்துசென்றன. அதே பத்தாண்டுகளில் மேற்கே மங்ளா அணை 1967-இல் முடிந்தது; தர்பேலா அணை தொடங்கப்பட்டது. அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டித்தந்த சணலை விளைவித்த கிழக்கிலோ, வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் நிதிக்காகக் காத்துக்கிடந்தன. 1966-இல் முஜீபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சத் திட்டம் இந்த ஏற்றத்தாழ்வின் மீது எழுப்பப்பட்டதே.

நவம்பர் 19 அன்று டாக்காவில் மாணவர்கள் நிவாரணத்தின் தாமதத்தைக் கண்டித்து ஊர்வலம் சென்றனர். அரசியலில் ஒருவரோடொருவர் முரண்பட்டிருந்த தலைவர்கள் பதினொருவர் ஒன்றுகூடி, அரசு இரக்கமற்ற அலட்சியம் காட்டியதாகக் கூட்டறிக்கை விட்டனர். ஆனால் அச்சினத்துக்குத் தகுந்த குரலாய் வாய்த்தவர் மௌலானா அப்துல் ஹமீத் கான் பாஷானிதான்.

தேவ்பந்தில் கற்ற ஆலிம், உழவர் தலைவர், சீனச் சார்பு இடதுசாரி. இம்மூன்றும் ஒருவரில் எப்படிக் கூடின என்பது தனிக் கட்டுரைக்குரியது. அவருடைய ‘பாஷானி’ என்னும் அடைமொழியே ஒரு ‘சர்’ தந்தது: அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவின் பாஷான் சரில் நிலமற்ற வங்க உழவர்களைத் திரட்டியதால் வந்த பெயர். (2020 முதல் ரோஹிங்யா அகதிகள் குடியமர்த்தப்பட்ட பாஷான் சர் ஹாத்தியாவுக்கு அருகிலுள்ளது, பெயர்தான் ஒன்று, இடம் வேறு.) 1957-இல் காக்மாரி மாநாட்டிலேயே, இந்நிலை நீடித்தால் மேற்குப் பாகிஸ்தானுக்கு ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ சொல்லி விடைபெற நேரும் என்று எச்சரித்தவர் அவர். புயலுக்குப் பின் தொண்ணூறை நெருங்கிய அம்முதியவர் அழிந்த தீவுகளுக்குச் சென்று திரும்பி, டாக்காவின் பல்டன் மைதானத்தில் ஏறத்தாழ 50,000 பேர் முன் பேசினார். யஹ்யா கான் பதவி விலக வேண்டும் என்றார். மேற்கிலிருந்து அவர்களில் ஒருவரும் வரவில்லை என்பதே அவ்வுரையின் பல்லவி. கவிஞர் ஷம்சுர் ரஹ்மான் அக்காட்சியை வைத்து எழுதிய ‘சஃபேத் பஞ்சாபி’ என்னும் கவிதை வங்க இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. மௌலானாவின் வெள்ளை மேலங்கியே அதன் தலைப்பு. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் எலும்புக்கூடுகளை மையால் வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஜைனுல் ஆபிதீனும் மன்புரா அழிவை நீண்ட சுருளோவியமாகத் தீட்டினார். பஞ்சத்தின்போது ஆண்டவர் ஆங்கிலேயர். இப்போது ஆண்டவர் யார் என்ற வினா அவ்விரு படைப்புகளையும் அடுத்தடுத்துப் பார்ப்போருக்கு எழாமல் போகாது.

முஜீபுர் ரஹ்மான் நவம்பர் 26 அன்று டாக்காவில் செய்தியாளர்களைச் சந்தித்தார். நம்மிடம் படை இருந்தும் நம் பிணங்களைப் பிரிட்டிஷ் வீரர்கள் புதைக்க வேண்டியதாயிற்று என்று அவர் சுட்டியது, கிழக்கு வங்கத்தார் பேசிக்கொண்டிருந்ததன் எதிரொலிதான். பாஷானி தம் கட்சியைத் தேர்தலிலிருந்து விலக்கிக்கொண்டார், முஜீப் விலகவில்லை. ஆகஸ்டு வெள்ளத்தால் ஏற்கெனவே ஒத்திவைக்கப்பட்டிருந்த தேர்தல் டிசம்பர் 7 அன்று நடந்தது. புயல் அழித்த தொகுதிகள் மட்டும் 1971 ஜனவரி 17 அன்று வாக்களித்தன. கிழக்கின் 162 பொது இடங்களில் 160 அவாமி லீகுக்குக் கிடைத்தன. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்ட கட்சிகளுக்குக் கிழக்கில் ஓர் இடமும் இல்லை.

இதை மார்க்கத்தின் தோல்வி எனக் கொண்டாடியோரும் உண்டு, சதியின் வெற்றி எனப் புலம்பியோரும் உண்டு. இரு சாராரும் வாக்காளரைக் கவனிக்கவில்லை. நோன்பு நோற்றுப் பெருநாள் தொழுகை முடித்த சில நாட்களில் வாக்குச்சாவடிக்குச் சென்றவர்கள் அவர்கள். குர்ஆனுக்கும் சுன்னாவுக்கும் மாறான சட்டம் இயற்றப்படாது என்று அவாமி லீகும் வாக்களித்தே தேர்தலில் நின்றது. அவர்கள் மறுத்தது, சகோதரத்துவத்தை வாயால் சொல்லிக் கையால் செய்யாத ஆட்சியை. புயல் இல்லாவிடினும் அவாமி லீக் வென்றிருக்கும். 1952-இன் மொழிப்போரும் 1969-இன் மக்கள் எழுச்சியும் அதற்குப் போதும். இடையில் நிற்பதற்கு இடமில்லாமல் செய்தது புயல். நம் சமூகத்தில் பாகிஸ்தானின் பிளவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1971 மார்ச் 25-இன் இராணுவ நடவடிக்கையிலோ டிசம்பரின் இந்தியப் படையெடுப்பிலோ தொடங்குகிறது. நான்கு மாதம் முன்னதாக, மன்புராவின் சேற்றிலிருந்து தொடங்குவதே முறை.

அச்சினத்தின் மீதேறி ஆட்சிக்கு வந்தவர்களும் விரைவிலேயே அதே மேடையில் குற்றவாளிகளாய் நின்றனர். 1973-இல் பாஷானி உணவுத் தட்டுப்பாட்டை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தார். இப்போது எதிரே இருந்தவர் முஜீப். 1974-இல் வெள்ளமும் பஞ்சமும் வந்தன. அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே 26,000-க்கு மேல். உண்மைத் தொகை அதனினும் பன்மடங்கு என்பர் ஆய்வாளர். அவ்வாண்டு நாட்டில் அரிசி குறைந்திருக்கவில்லை, அதை வாங்க ஏழைகளிடம்தான் வழியில்லை என்று அமர்த்திய சென் பின்னர் காட்டினார். அமெரிக்க உணவுக் கப்பல்கள், கியூபாவுக்குச் சணல் விற்ற காரணத்தால் தாமதிக்கப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் பதுக்கியவர்கள் அமெரிக்கர்கள் அல்லர்.

எனினும் ஒன்று நடந்தது. செஞ்சிலுவை அமைப்பின் துணையோடு 1972-இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம், கரையோர ஊர்தோறும் தொண்டர்களை அமர்த்தியது. வானொலி சொல்வதை அவர்கள் ஒலிபெருக்கியுடன் வீடுவீடாகச் சென்று சொன்னார்கள். மண்ணைக் குவித்து உயரமான மேடுகள் எழுப்பப்பட்டன. அவற்றுக்கு ‘முஜீப் கில்லா’ என்று பெயர். மாட்டை விட்டு வரமாட்டேன் என்போர் மாட்டோடு ஏறிக்கொள்ள அவை உதவின. போதவில்லை: 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். பின்னர் கான்கிரீட் காப்பகங்கள் பெருகின. 2007 நவம்பரில் சித்ர் புயலில் இறந்தோர் 3,000-க்கு மேல். 2020 மே மாதத்தில், மற்றொரு ரமலானின் கடைசி நாட்களில், ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே காப்பகங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வங்கதேசத்தில் அம்முறை மாண்டோர் சில பத்துப் பேர்.