தகுதி கேட்காத முறை: நாஞ்சில் நாட்டு வழிபாட்டில் மனமும் சடங்கும்

மனம் சுத்தமாக இருந்தால் போதும், முறை இரண்டாம்பட்சம் என்ற கருத்துக்கு நம் வழிபாட்டு மரபில் எதிரிகள் இருந்ததாகவே தெரியவில்லை. ஆகமம் கற்ற சிவாசாரியார் அதைச் சொல்வார். கொடைவிழாவில் நள்ளிரவுப் படையலுக்கு முன் நிற்கும், சாமியாடும் கோமரத்தாடியும் சொல்வார். குற்றம் குறை பொறுத்துக்கொள்ளும்படி சாமியிடம் கேட்காமல் கும்பிட்டு முடிப்பவர் எங்கே இருக்கிறார்? இத்தனை பேர் ஒப்புக்கொண்ட ஒரு கருத்து, கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்க விடாமல் மறிக்கப்பட்ட மனிதர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஏன் உதவவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பக்தி பெரிது என்று சொல்வதால் மட்டும் வழிபாட்டில் எதுவும் மாறுவதில்லை. எவரும் செய்யக்கூடிய ஒரு முறையாக அந்தப் பக்தி உருக்கொண்டபோதுதான் மாற்றம் நிகழ்ந்தது. இதற்கு நான் அறிந்தவரையில் மிகத் தெளிவான சான்று கன்னியாகுமரி மாவட்டத்தின் சாமித்தோப்பு.

முதலில் மரபு சொல்லும் கதைகள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் அன்பின் உச்சமாகக் காட்டப்படுபவர் கண்ணப்பர். வாயில் கொண்டுவந்த நீரும் சுவைத்துப் பார்த்த ஊனும் இறைவனுக்கு உகந்தவை ஆகின்றன. ஆனால் ஆறு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. காளத்தியில் பூசை செய்யும் பொறுப்பு சிவகோசரியார் கையைவிட்டுப் போவதில்லை; கண்ணப்பரின் வழியில் அடுத்த வேடன் ஒருவன் பூசைக்கு வருவதும் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலேயே கோயில் எழுப்பினார். மன்னன் கட்டிய கற்றளியை விட்டு இறைவன் அந்தக் கோயிலுக்குப் போனான் என்பதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அந்த மனக்கோயிலையும் அவர் நாள் பார்த்து, ஆகம விதி பிசகாமல், அடிமுதல் முடிவரை கட்டினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

நந்தனார் கதை இவ்விரண்டையும்விடக் கடுமையானது. அவர் அன்பில் யாருக்கும் ஐயமில்லை, இறைவனுக்கே இல்லை. ஆனாலும் தில்லைக்குள் நுழைய அவர் தீயில் இறங்கவேண்டியிருந்தது. வெளியே வந்தபோது மார்பில் நூலும் இருந்தது. அன்பு கடவுளிடம் செல்லுபடியாகிவிட்டது, வாசலில் ஆகவில்லை. பக்திக் கதைகள் முறைக்கு விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கைத் தனிமனிதரோடு முடித்தும் வைக்கின்றன. இவற்றைப் படித்துக் கண் கலங்கிய பல தலைமுறைகள் கோயில் வாசலை மாற்ற நினைக்காததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நாஞ்சில் நாட்டின் பெருங்கோயில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். அகலிகை விவகாரத்தில் பழி சுமந்த இந்திரன் தூய்மை பெற்ற இடம் என்பது தலபுராணம். இங்கே பூசை மலையாளத் தாந்திரிக மரபைப் பின்பற்றுவது. தூய்மையை நிரூபிக்கும் ஒரு சடங்கும் இங்கே இருந்தது: கைமுக்கு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கைவிட்டு உள்ளே கிடக்கும் உருவத்தை எடுக்கவேண்டும். கை வெந்திருந்தால் குற்றவாளி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் இது நிறுத்தப்பட்டது. கைமுக்கையும் தில்லைத் தீயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மேல் தட்டில் இருந்தவனுக்கும் கீழ்த் தட்டில் இருந்தவனுக்கும் தூய்மை என்பது உடம்பின் மேல் சோதித்துச் சான்று வாங்கவேண்டிய பொருளாக இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. நம்பூதிரி குற்றம் சாட்டப்பட்டால்தான் நிரூபிக்கவேண்டும். மற்றவன் பிறந்ததே குற்றச்சாட்டு.

ஆகமத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. புறப்பூசைக்கு முன் அகப்பூசை செய்யவேண்டும் என்று சைவப் பூசை நூல்களான பத்ததிகளே விதிக்கின்றன. பூசையின் முடிவில், மந்திரத்திலும் செயலிலும் பக்தியிலும் நேர்ந்த குறைகளைப் பொறுக்கும்படி கேட்பதும் பூசையின் ஓர் அங்கம்தான். பிழை நேர்ந்தால் பிராயச்சித்தம் உண்டு. முறை தவறலாம் என்பதை முறை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். எனவே மனமா சடங்கா என்ற வழக்கு சாஸ்திரத்துக்குள் அவ்வளவு பெரிதில்லை. சடங்கில் பிழை செய்யும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே உண்மையான வழக்கு. பிழை செய்து மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு, உள்ளே நிற்பவனுக்கு மட்டும் கிடைத்த சலுகை. 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்த சத்தியாக்கிரகமும், 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனமும் மாற்றியது அந்தச் சலுகையின் எல்லையைத்தான். பூசை விதியில் ஒரு வரிகூட அதற்காகத் திருத்தப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதற்கு நூறாண்டுக்கு முன்பே, சுசீந்திரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சாமித்தோப்பில், வேறொரு விடை உருவாகியிருந்தது. 1809இல் சாஸ்தான்கோவில்விளையில் பொன்னுமாடன், வெயிலாள் இணையருக்குப் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை ஒரு சான்றார் பிள்ளை தாங்குவதை ஆதிக்க சாதியினர் பொறுக்கவில்லை; பெயர் முத்துக்குட்டி ஆயிற்று. 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் நம்பிக்கை. திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தது. 1851இல் மறைந்தார். ஊழியமும் தலைவரியும் மேலாடைத் தடையும் இருந்த காலம் அது.

வைகுண்டர் விலக்கியவை இரண்டு வகைச் சடங்குகள் என்பதை ஆய்வுலகம் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை. உருவமும் அர்ச்சகரும் தீபாராதனையும் காணிக்கையும் உள்ள பெருங்கோயில் முறை ஒன்று. மற்றொன்று அவருடைய சொந்த மக்களின் முறை: நாட்டார் தெய்வங்களான மாடனுக்கும் இசக்கிக்கும் பலியும் கொடையும். அங்கே அர்ச்சகர் இல்லை, சமஸ்கிருதம் இல்லை. அதனால் அதைச் சடங்குச் சுமை இல்லாத எளிய வழிபாடு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர் எவரும் அப்படி எழுதமாட்டார். எந்தச் சாமிக்கு எந்தப் படைப்பு, எந்த நேரத்தில் எந்தப் பலி, வில்லுப்பாட்டில் எந்தக் கதை எப்போது முடியவேண்டும் என்ற கணக்கு அங்கே மிகக் கறாரானது. ஒன்று குறைந்தால் மாடு சாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இல்லாதவன் கடன் வாங்கிக் கொடை கொடுத்தது இந்த அச்சத்தால்தான். மேலே தீட்டு பற்றிய கணக்கு, கீழே பேய் பற்றிய கணக்கு. இரண்டுக்கும் நடுவில் ஏழை நின்றான். வைகுண்டர் பேய்களை எரித்ததாக அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை விவரிப்பதை வெறும் அற்புதக் கதையாக ஒதுக்கக் கூடாது. சடங்குப் பிழைக்குத் தண்டனை தரும் அதிகாரம் எந்தத் தெய்வத்துக்கும் இல்லை என்ற அறிவிப்பாகவே நான் அதை வாசிக்கிறேன்.

அரிகோபாலன் சீடர் 1841இல் ஏட்டில் எழுதியது என்று மரபு கூறும் அந்த நூல் 1939இல் அச்சேறியது. காணிக்கை வாங்கக் கூடாது, கோயில் பெருக்கக் கூடாது, உயிர்ப்பலி கூடாது என்ற அறிவுரை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றுக்கு மாற்றாக வந்தவற்றைப் பாருங்கள். கருவறைக்கு இணையான பள்ளியறையில் உருவம் இல்லை. கண்ணாடியும் அதன் இருபுறம் விளக்குகளும். வருபவர் முத்திரிக்கிணற்றில் பதமிடவேண்டும். அந்த நீர் எல்லாச் சாதிக்கும் ஒன்று. நெற்றியில் வெண்ணிறத் திருமண்ணால் சுடர் வடிவ நாமம். ஆண்கள் மேலாடை நீக்கித் தலைப்பாகை கட்டி உள்ளே போகிறார்கள். சுசீந்திரத்திலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் நுழைகிறார்கள். தலைப்பாகைதான் வித்தியாசம். தலையில் துண்டு கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஒருவன் கடவுள் முன்னிலையில் அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கண்ணாடிக்கு அய்யாவழியினரிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. உனக்குள் இறைவனைப் பார் என்பது அவற்றுள் பரவலானது. எந்த விளக்கத்தை ஏற்றாலும், அதன் முன் நிற்பவனுக்கும் இறைவனுக்கும் இடையே முறை தெரிந்த மூன்றாவது ஆள் தேவைப்படுவதில்லை.

இதுவும் ஒரு சடங்கு முறைதானே, பழையதை விட்டுப் புதியதைப் பிடித்தது எப்படி விடுதலையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாகைப்பதியில் நடந்த துவையல் பந்தியை நினைத்தால் கேள்வி இன்னும் வலுப்பெறும். எழுநூறு குடும்பங்கள் அங்கே கூடித் தவமிருந்ததாக மரபு சொல்கிறது. நாளுக்கு மூன்று வேளை குளித்துத் துணி துவைத்து, ஒரே வேளை உண்டு, ஊன் தவிர்த்து வாழ்ந்தார்கள். எந்த ஆகமப் பூசகருக்கும் குறையாத கறார் அது. மனம் இருந்தால் எப்படியும் கும்பிடலாம் என்று வைகுண்டர் சொல்லியிருந்தால் இதற்குத் தேவையே இருந்திருக்காது. ஆனால் துவைக்கவும் குளிக்கவும் ஒருவேளை உண்ணவும் பிறப்போ பொருளோ கல்வியோ வேண்டாம். இந்த முறையில் தவறு செய்பவனும் தானே, திருத்திக்கொள்பவனும் தானே. அழுக்கானவர்கள் என்று சொல்லி விலக்கப்பட்ட மக்கள், தூய்மை என்ற பொருளைக் கைவிடாமல் அதைத் தங்கள் உழைப்பால் ஆக்கிக்கொண்டார்கள். பக்தியை உருவமற்ற உணர்ச்சியாகப் பார்ப்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சி விளங்காது. ஏழைக்கு வடிவம் வேண்டும். வடிவம் இல்லாத அன்பை யாரும் அவனிடம் அங்கீகரிப்பதில்லை.

அய்யாவழியை இந்து வழிபாட்டின் ஒரு கிளையாக வைத்துப் பேசுவதை அதன் அன்பர்கள் பலர் ஏற்பதில்லை. அது தனி மார்க்கம் என்ற அவர்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அது பேசிய பொருள் இந்துக் கோயில்களின் வாசலில் பிறந்த பொருள். அதனால்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அதே மாவட்டத்தில் கோயில் மரபுக்குள்ளேயே இன்னொரு வகைச் சான்று இருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியும் நடந்தும் வலம்வரும் சிவாலய ஓட்டம். வீமனைத் துரத்திய சிவபக்தனான புருஷாமிருகத்தின் கதையோடு இது இணைக்கப்படுகிறது. காவி உடை, கையில் பனையோலை விசிறி, வெறுங்கால், ஒவ்வொரு கோயிலிலும் நீராடல். வாயில் கோவிந்தா, கோபாலா. சிவன் சன்னிதியில் திருமாலின் பெயரை முழங்கிக்கொண்டு ஈரத்துணியோடு நுழைபவரை எந்தப் பத்ததியும் எதிர்பார்த்திருக்காது. பன்னிரண்டு கோயில்களும் அவர்களை வரவேற்கின்றன. ஓடுவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பெண்கள் இருமுடி கட்டி வரும் மண்டைக்காட்டில், புற்றாக வளர்ந்து நிற்கும் பகவதியின் முன் இந்தக் குறை ஓரளவு நேராகிறது. ஆனால் சிவாலய ஓட்டமோ மண்டைக்காட்டு இருமுடியோ கோயிலின் அன்றாடப் பூசையைத் தொடுவதில்லை. குறித்த காலத்துக்குக் கதவு அகலத் திறக்கிறது. பூசையின் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்ணப்பரின் ஆறு நாட்களோடு இவற்றுக்கு உள்ள ஒற்றுமை இது.

இன்று சாமித்தோப்பில் ஆவணி, தை, வைகாசி மாதங்களில் கொடியேற்றத்தோடு பதினோரு நாள் திருவிழா நடக்கிறது. வாகன பவனி உண்டு, கலிவேட்டை உண்டு, தேரோட்டம் உண்டு. அய்யாவழியின் சிறு வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் ஊர்தோறும் பெருகியிருக்கின்றன. வைகுண்டர் விலக்கிய சடங்கு பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று சில ஆய்வாளர்கள் இதைப் பார்த்து வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. தேரும் வாகனமும் கூடிவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பது தவறான அளவுகோல். தாங்கலில் பணிவிடை செய்பவரை ஊர் எப்படித் தேர்ந்துகொள்கிறது, உச்சிவேளைப் பாடலான உச்சிப்படிப்பைப் பாடத் தெரியாதவர் பள்ளியறை முன் தயங்கி நிற்கவேண்டியிருக்கிறதா, படையலாகச் சுருள் வைக்க வழியில்லாதவர் வெறுங்கையோடு வந்தால் அவருக்கும் அதே திருமண் கிடைக்கிறதா: களத்தில் தாங்கல் தாங்கலாகச் சென்று பதிவு செய்யவேண்டியவை இவை.