எண்ணில் அடங்காத ஆய்வு



அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் இல்லம் வந்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவர்; இப்பொழுது கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டுள்ளார். ஆய்வு எப்படிப் போகிறது என்று வினவினேன். "என் எச் குறியீடு இன்னும் 2தான், ஐயா" என்று தலைகுனிந்தார். அவர் எதை ஆய்கிறார் என்பதை அறியுமுன் அவருடைய எண்ணை நான் அறிந்துகொண்டேன். அந்த எண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் முன்னோர் ஒருவரின் கட்டுரையைச் சுட்டுவது மேற்கோள் எனப்படும். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று 1955இல் 'சயின்ஸ்' இதழில் முன்மொழிந்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. இவரும் வேதியியல் பயின்றவரே. வேதிப்பெயர்களை மூலக்கூற்று வாய்பாடுகளாக மாற்றும் முறை பற்றி ஆய்ந்து 1961இல் முனைவர் பட்டம் பெற்றார். 1964இல் இவருடைய நிறுவனத்தின் 'அறிவியல் மேற்கோள் அட்டவணை' வெளிவந்தது. ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளின் வழியே பயணம் செய்தது என்பதைத் தேடிக் கண்டறிய உதவுவதே அதன் முதன்மை நோக்கம். காலப்போக்கில் அது மனிதரை அளக்கும் கோலாகவும் மாறியது. 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் எச் குறியீட்டை அறிமுகப்படுத்தினார். ஒருவருடைய குறியீடு 10 என்றால், அவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறையேனும் மேற்கோளாகியுள்ளன என்பது பொருள்.

இக்கோலால் ஒரு பழைய வேதியியலாளரை அளந்து பார்ப்போமா?

1901இல் சென்னையில் பிறந்தவர் கே. வெங்கடராமன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, லாகூரில் உள்ள ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தாவரங்களுக்கு மஞ்சள் நிறம் தரும் ஃபிளேவோன் வகைச் சேர்மங்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முனைந்தபோது, ஒரு புதிய வினை புலப்பட்டது. மூலக்கூற்றில் ஆக்சிசன் அணுவோடு இணைந்திருந்த அசைல் தொகுதி, காரத்தின் தூண்டுதலால் அருகிலுள்ள கரிம அணுவுக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாறு கிடைத்த பொருளிலிருந்து ஃபிளேவோனை எளிதில் பெறலாம். இம்முடிவு 1933இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அச்சேறியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் வில்சன் பேக்கரும் இவ்வினையைத் தனித்து அறிவித்தார். எனவே, இது பேக்கர்–வெங்கடராமன் இடமாற்ற வினை என்று பெயர்பெற்றது.

இங்குதான் ஒரு வியப்பு! ஒரு வினை பாடநூலில் இடம்பெற்றுவிட்டால், அதனைப் பயன்படுத்துவோர் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடுவர். மூலக்கட்டுரையைத் தேடிச் சுட்டுபவர் குறைவு. புகழ் வளர வளர மேற்கோள் மறைகிறது. சமூகவியலாளர் இராபர்ட் மெர்டன் 1968இலேயே இப்போக்கைச் சுட்டிக்காட்டினார். கோல் அளக்கத் தவறுவது, பெரும்பாலும் வேரோடிப் போன ஆய்வுகளைத்தான்.

இன்னொன்றும் உண்டு. 1933ஆம் ஆண்டுக் கட்டுரையில் இரு பெயர்கள் உள்ளன. முதற்பெயர் எச். எஸ். மஹால். வினையின் பெயரிலோ அவர் இல்லை. மேற்கோள் எண் ஒருபுறம் இருக்கட்டும். பெயரே ஒருவருக்குக் கிட்டவில்லை.

வெங்கடராமன் பின்னர் பம்பாயில் சாய வேதியியலை வளர்த்தார். 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1952இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'செயற்கைச் சாயங்களின் வேதியியல்' என்னும் ஆங்கில நூல், பின்னாளில் எட்டுத் தொகுதிகளாக விரிந்தது. 1981இல் அவர் மறைந்தார். எச் குறியீடு பிறந்ததோ அதற்கு 24 ஆண்டுகள் கழித்து.

எண்கள் வேண்டா என்று நான் கூறவில்லை. மேற்கோள் அட்டவணை இன்றும் ஆய்வாளருக்கு நல்ல வழிகாட்டியே. ஆயினும், வழிகாட்டும் பலகையை ஊர் என்று எண்ணிவிடலாகாது.

நம் வகுப்பறையிலும் இதே நிலைதான். யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது, "எத்தனை ஏ?" என்ற கேள்வி மட்டும் அகலவில்லை. தன் கணக்கை முடித்துவிட்டுப் பின்வரிசை நண்பனுக்குப் பொறுமையாய்ச் சொல்லிக்கொடுக்கும் மாணவிக்கு எந்தப் பட்டியலில் புள்ளி உண்டு? அவளும் மஹாலைப் போன்றவள்தானே?

விடைபெறும்போது அம்மாணவரிடம், "எண் இருக்கட்டும், நீ எதை ஆய்கிறாய்?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் ஒரு மணி நேரம் பேசினார். முகம் மலர்ந்திருந்தது. அக்கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இன்று மாலை உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.