பொருந்தாத பொருளுக்குப் பணம் திரும்புமா? ஒரு சட்டத்தின் கதை

எடப்பாடியில் ஒருவர் அமெரிக்க இணையக் கடையில் ஒரு மிக்சி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி பத்திரமாக வந்து சேர்கிறது. மிக்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. எடப்பாடி வீட்டு பிளக்கில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே மாட்டினால் மோட்டார் கருகிவிடும்.

பொருள் நல்ல பொருள்தான், ஆனால் உபயோகப்படாது. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டன.

பழைய விதி 'வாங்குபவரே, விழிப்பாயிரு' என்பது. வணிகவியல் மாணவர்கள் 'கேவியட் எம்ப்டார்' என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவருக்கு இது நியாயமான விதி. கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவர் என்ன செய்வார்?

இந்தியாவில் 1877இல் வி.பி.பி. தபால் வந்தது. பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும், பிரித்துப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் தபால் வழி வியாபாரம் செய்த மான்ட்கோமரி வார்டு நிறுவனம் 1875இலேயே 'திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ்' என்று அறிவித்தது. ஆனால் அது கடைக்காரர் தானாகக் கொடுத்த வாக்கு. வாங்குபவரின் சட்ட உரிமை அல்ல.

சட்டம் எங்கே வந்தது? இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டு சட்டத்தை ஒட்டி, இந்தியாவில் 1930இல் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. அதன் 16ஆம் பிரிவுதான் இங்கே முக்கியம். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்தியாக வேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பிராண்டு பெயரைச் சொல்லிக் குறிப்பிட்ட பொருளைக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்த விதிவிலக்கு எதுவரை செல்லும் என்பதை 1925இல் இங்கிலாந்தில் வந்த 'பால்ட்ரி எதிர் மார்ஷல்' தீர்ப்பு காட்டியது. பால்ட்ரி, ஊர் சுற்ற வசதியான கார் வேண்டும் என்று கேட்டார். விற்பவர்கள் புகாட்டி காரைச் சிபாரிசு செய்தார்கள். வந்த கார் அதற்கு ஒத்துவரவில்லை. புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினார் என்று விற்பவர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் நம்பியது பெயரை அல்ல, விற்பவரின் வார்த்தையை. பணம் திரும்பக் கிடைத்தது. புகாட்டி மோசமான கார் இல்லை, அவருக்குப் பொருந்தாத கார். அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986. அதில் பொதுவாக விற்பவர் இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். எடப்பாடிக்காரர் சேலத்தில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையக் கடைகளுக்கும் பொருந்தும். குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது.

ஐரோப்பாவில் 1997இல் வந்த விதி ஒரு படி மேலே போனது. தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 7 வேலை நாளுக்குள் திருப்பலாம். 2011ஆம் ஆண்டு விதி அதை 14 நாளாக்கியது. இந்தியச் சட்டத்தில் இந்த உரிமை இல்லை.

தீர்ப்பு கிடைத்தாலும், இந்தியாவில் அலுவலகமே இல்லாத கடையிடம் பணம் வசூலிப்பது கஷ்டம். அங்கேதான் கார்டு உதவுகிறது. அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டம், கார்டு கட்டணத்தை மறுத்துக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. இன்று கார்டு நிறுவனங்களின் விதிகளிலும் 'சார்ஜ்பேக்' உண்டு. சொன்னபடி பொருள் இல்லை என்றால் வங்கி மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

கட்டிய சுங்க வரி? அதற்குத் தனி வழி இருக்கிறது. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 74இன்படி, உபயோகிக்காத பொருளை 2 வருடத்துக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தால், உரிய நடைமுறைகளை முடித்தபின் வரியில் 98 சதவீதம் வரை திரும்பப் பெறலாம்.

ஆக, 1925ஆம் ஆண்டு காருக்கும் இன்றைய மிக்சிக்கும் கேள்வி ஒன்றுதான்: விற்பவர் என்ன சொன்னார்? பக்கத்தில் '120 வோல்ட்' என்று தெளிவாகப் போட்டிருந்து, பார்க்காமல் வாங்கியிருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். 'இந்தியாவில் 230 வோல்ட்டில் ஓடுமா?' என்று எழுதிக் கேட்டு, 'ஓடும்' என்று பதில் வந்திருந்தால் கதையே வேறு. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு வரியைக் கேளுங்கள். வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.