தொண்டைக் கிருமியின் குலமுறை வரலாறு

நோயைத் தணிக்க முற்படுவோன் அந்நோய் இன்னதென்றும், அது தோன்றிய காரணம் இன்னதென்றும் முதற்கண் ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை காட்டிய நெறியாகும். இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ அறிவியல் அந்நெறியில் நடந்து, பின்னும் ஒருபடி சென்றது. ‘நோய்க்குக் காரணம் எந்தக் கிருமி?’ என்பதோடு நில்லாமல், ‘அக்கிருமி எந்தக் குடியில் வந்தது?’ என்றும் அது வினவியது. அவ்வினாவின் வரலாற்றைத் தொண்டை நோய்க் கிருமி ஒன்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிய நோயும் கொடிய விளைவும்

1972இல் நிறுவப்பட்ட ஜொகூர் தென்கிழக்கு மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தில் எழுந்த ஊர்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரிலாயினும் பெருநகரிலாயினும், ஒரு வகுப்பறையில் ஒரு மாணவனுக்குத் தொண்டை வலி கண்டால் அடுத்த இருக்கையில் உள்ளவனுக்கும் அது தொற்றக் காண்கிறோம். தொண்டை வலிகளுள் மிகப் பல வைரசுகளால் வருவன, தாமே தணிவன. எனினும், சில ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ்’ என்னும் பாக்டீரியாவால் வருவன. உருப்பெருக்கியில் சங்கிலி போலத் தோன்றும் உருண்டைக் கிருமிகளுக்கு 1874இல் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர் இட்ட பெயரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது. இக்கிருமியால் வரும் தொண்டை நோய்க்கு உரிய மருத்துவம் செய்யாது விட்டால், சிலருக்கு வாதக் காய்ச்சல் உண்டாகி, இதயத்தின் வால்வுகள் வாழ்நாள் முழுவதும் பழுதுபட்டு நிற்கும். நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஏழைச் சிறுவரையே இக்கேடு மிகுதியும் பற்றுகிறது. லயத்து வீடுகளின் நெருக்கத்தை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வகை கண்ட வரலாறு

முதல் உலகப் போரின்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் படைமுகாம்களில் இக்கிருமி பலரை வீழ்த்தியது. அங்கிருந்து பெற்ற கிருமிகளை ஆராய்ந்த டோசெஸ், ஏவரி, ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு ஆகிய மூவரும், அவை ஒரே வகையின அல்ல, பல வகையின என்று 1919இல் நிறுவினர். வகைகளை வேறுபடுத்துவது கிருமியின் மேற்பரப்பில் உள்ள ‘எம்’ புரதமே என்று 1928இல் லான்ஸ்ஃபீல்டு அம்மையார் வெளியிட்டார். பெண்கள் ஆய்வகம் புகுதலே அரிதாயிருந்த காலத்தில் அவர் ஆற்றிய பணி இது.

எம் வகைக்கு ஏற்ற ஊநீரைக் கிருமியோடு சேர்த்து, அதன் விளைவைக்கொண்டு வகை காண்பதே அன்றைய முறை. ஆயின் அதில் ஒரு குறை இருந்தது. மேலைநாட்டுக் கிருமிகளைக்கொண்டு ஆக்கிய ஊநீர்கள் வெப்பநாட்டுக் கிருமிகள் பலவற்றை அடையாளம் காட்டவில்லை. அத்தகையவை ‘வகை அறியப்படாதவை’ என ஒதுக்கப்பட்டன.

இக்குறை நீங்க வழிவகுத்தது மரபணு. எம் புரதத்தை ஆக்கும் மரபணுவின் முன்பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து வகை காணும் முறையை 1996இல் பீல், ஃபேக்லம், தாம்ப்சன் ஆகியோர் வெளியிட்டனர். 1999இல், மலேசிய நோயாளரிடம் பெற்ற கிருமிகளில் புதிய எம் மரபணு வரிசைகள் இருத்தலை ஃபரிடா ஜமால் முதலிய ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தனர். நம் நாட்டுக் கிருமிகளும் அப்பட்டியலில் தமக்குரிய பெயரைப் பெறலாயின. இன்று அறியப்பட்ட வகைகள் 200க்கும் மேற்பட்டவை.

தமிழாசிரியர்க்கு இம்முறை புதிதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் கண்டார் அன்றோ? ஒரே பிழையைத் தாங்கிய இரண்டு ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து படி எடுக்கப்பெற்றவை என்று ஊகிக்கலாம். அவ்வாறே, நான்கே எழுத்துகளால் இயன்ற மரபணு வரிசையில் ஒரே வேறுபாடுகளைத் தாங்கிய கிருமிகள் ஒரு குடியில் வந்தவை எனத் துணியலாம்.

மருந்தை வென்ற குடிகள்

வகை காண்பதன் பயன் மருந்து தோற்றபோது விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களில், நோய் வாராமற்காக்கச் சல்ஃபா மருந்து எல்லார்க்கும் அளிக்கப்பட்டது. சில மாதங்களில் அதனை எதிர்க்கும் கிருமிகள் பரவின. அவை எல்லா வகைகளிலும் தோன்றவில்லை. 17, 19 முதலிய சில வகைகளிலேயே மிகுந்திருந்தன.

பென்சிலின் ஒவ்வாதவர்க்கு அளிக்கப்படும் எரித்ரோமைசினுக்கும் அந்நிலையே நேர்ந்தது. அதனை எதிர்க்கும் தொண்டைக் கிருமி 1959இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வெதிர்ப்புக்குக் கிருமி கையாளும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. மருந்து ஒட்டும் இடத்தை மாற்றியமைத்தல் ஒன்று. உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுதல் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு உண்டு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளி ஒன்றில் 2000-2001 கல்வியாண்டில் நிகழ்ந்ததை இங்கு எண்ணுதல் தகும். மாணவர் 100 பேரின் தொண்டையிலிருந்து அவ்வப்போது பெற்ற மாதிரிகளில் 318இல் இக்கிருமி இருந்தது. அவற்றுள் 153 எரித்ரோமைசினை எதிர்த்தன. மரபணுவை ஆராய்ந்தபோது, எதிர்த்தவை அனைத்தும் எம்-6 வகையைச் சார்ந்த ஒரே குடியின் வழித்தோன்றல்கள் எனத் தெரிந்தது. கிருமிகள் தனித்தனியே எதிர்ப்பைக் கற்கவில்லை. எதிர்ப்பைப் பெற்ற ஒரு குடி குழந்தைக்குக் குழந்தை தாவியது. அவ்வாண்டே அந்நகரின் பிற இடங்களில் பெற்ற 100 மாதிரிகளுள் 38 எதிர்ப்புடையனவாய் இருந்தன.

எனினும், எதிர்ப்பு மரபணு ஒரு குடியிலிருந்து மற்றொரு குடிக்குக் கைமாறுதலும் உண்டு. 2011இல் ஹாங்காங்கில் செங்காய்ச்சலைப் பரப்பிய எம்-12 வகைக் கிருமிகள், அவ்வாறு இடம்பெயரவல்ல மரபணுக்களைத் தாங்கி எரித்ரோமைசினையும் டெட்ராசைக்ளினையும் எதிர்த்தன. ஆகவே கிருமியின் குடியையும், அது சுமக்கும் எதிர்ப்பையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

மீட்சிக்கு வழி

இழந்ததை மீட்க இயலுமா? இயலும் என்பதற்குப் பின்லாந்து சான்று. அங்கு எரித்ரோமைசின் இன மருந்துகளின் பயன்பாடு, நாளொன்றுக்கு 1000 பேருக்கு 2.40 அளவாக 1991இல் இருந்தது; அறிவுரையின்பேரில் 1992இல் 1.38ஆகக் குறைந்தது. எதிர்ப்புடைய கிருமிகள் 1992இல் 16.5 விழுக்காடாயிருந்து, 1996இல் 8.6 விழுக்காடாயின. சட்டத்தின் அச்சமின்றி, மருத்துவரும் மக்களும் கொண்ட கட்டுப்பாட்டால் விளைந்த பயன் இது.

பென்சிலினை முற்றும் வென்ற தொண்டைக் கிருமி எதுவும் இன்றளவும் நோயாளரிடம் உறுதிப்படவில்லை என்பது நமக்குள்ள பெரும்பேறு. ஆயினும், எரித்ரோமைசின் இன மருந்துகளை எதிர்க்கும் இக்கிருமியை உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பேறு நிலைத்தல் நம் ஒழுக்கத்தைப் பொறுத்தது. தொண்டை வலித்த போதெல்லாம் கிருமிக்கொல்லி மருந்தை வேண்டிப் பெறுதலும், மருத்துவர் குறித்த நாள்களுக்கு முன்னரே அதனை நிறுத்துதலும், ஒருவர்க்குத் தந்ததை மற்றவர் உண்ணுதலும் ஒரு வீட்டோடு முடியும் பிழைகள் அல்ல. ஒரு தொண்டையில் வலுப்பெற்ற குடி ஊரெங்கும் குடியேறும் என்பதையே மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. இவ்வுண்மையை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர், தம் மாணவர்க்கு அறிவோடு நலத்தையும் வழங்கியவர் ஆவார்.