களர் நிலத்துக்கு ஜிப்சம் வந்த கதை



அனுமந்தன்பட்டியில் ஒரு பெரியவர் தம்முடைய கீரைத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தாழ்வான நிலம். மண் மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கு. தண்டுக்கீரை இலையெல்லாம் ஓரம் கருகிக் கிடக்கு. "ரெண்டு தடவை ஜிப்சம் போட்டாச்சு சார், காசு போனதுதான் மிச்சம்" என்றார்.

ஜிப்சம் எதற்கு என்பது தெரிய வேண்டுமானால், அதன் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வடக்கே கர்னால் பக்கம் மூனக் என்று ஒரு கிராமம். மேற்கு யமுனைக் கால்வாய்ப் பாசனம். 1855-ம் ஆண்டிலேயே அந்த ஊர் விவசாயிகள், நிலமெல்லாம் உப்புப் பூத்துப் போச்சு என்று சர்க்காரிடம் முறையிட்டார்கள். கால்வாய் வந்தது, வடிகால் வரவில்லை. நிலத்தடி நீர் மேலே ஏறியது. தண்ணீர் ஆவியாகிப் போச்சு, உப்பு மட்டும் தங்கிப் போச்சு. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரால் வாழ்கிற நமக்கும் இது ஒரு பாடம்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஹில்கார்டு என்ற மண் விஞ்ஞானி, 1875-க்குப் பிறகு இப்படிப்பட்ட நிலங்களை ஆராய்ந்தார். களர் மண்ணுக்கு ஜிப்சம் போடச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ருசிய விஞ்ஞானி கெட்ராய்ட்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரிதான். களர் மண்ணில் சோடியம் சீட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணை இறுக்கிவிடுகிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் வந்து அந்த இடத்தில் உட்காருகிறது. இறங்கின சோடியத்தைத் தண்ணீர் கட்டி வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லையென்றால் அது எங்கே போகும்? வயலிலேயேதான் கிடக்கும்.

மூனக் இருக்கிற அதே கர்னால் பகுதியில் 1969-ல் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஜிப்சம் போட்டு, தண்ணீர் தேக்கி, நெல் நட்டுக் களரைத் திருத்தும் முறை அங்கிருந்து பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் என்று பரவியது. நம் மாநிலத்திலும் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கின வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்திலேயே அமைந்தது. களர் தாங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தன.

சரி, பெரியவர் நிலத்துக்கு வருவோம். மண்ணைப் பரிசோதித்தோம். அது களர் இல்லை, உவர். உவர் மண்ணில் இருப்பது கரையும் உப்பு. அதற்கு மருந்து ஜிப்சம் அல்ல. வடிகாலும் நல்ல தண்ணீரும்தான். கார அமில நிலை 8.5-க்கு மேலே, சோடியமும் அதிகம் என்றால்தான் களர். அதற்குத்தான் ஜிப்சம்.

களர் என்று தெரிந்தால் இப்படிச் செய்யுங்கள். நிலத்தைச் சமப்படுத்தி, வரப்புக் கட்டி, முதலில் வடிகால் எடுங்கள். பரிசோதனையில் சொன்ன அளவு ஜிப்சத்தைத் தூவி, மேல் மண்ணில் லேசாகக் கலக்குங்கள். நல்ல தண்ணீரை ஒரு வாரம், பத்து நாள் தேக்கி வடியுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அப்புறம் கீரை. முதலில் பாலக் போடலாம். அது பீட்ரூட் இனம், உப்பை ஓரளவு தாங்கும்.

பெரியவர் வடிகால் வெட்டி, பாத்தியை நல்ல தண்ணீரால் கழுவினார். வெள்ளை முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அடுத்த விதைப்பில் கீரை கருகாமல் வந்தது. "ரெண்டு மூட்டைக் காசு இருந்தா வாய்க்காலையே வெட்டியிருப்பேனே சார்" என்றார்.

ஆகவே, மண்ணைப் பரிசோதிக்காமல் ஜிப்சம் மூட்டையைப் பிரிக்காதீர்கள். வடிகால் எடுக்காமல் தூவாதீர்கள்.